குடிபெயரும் வீடும் குறுநடைக் குழந்தையும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



நாம் இன்னும் பல்கலைக்கழகத்திற் பயிலும் மாணவர்; மணம் முடித்தவரல்லோம்; பிள்ளை வளர்த்த அனுபவமும் எமக்கில்லை. "குழந்தைகளைப் பற்றி இந்தப் பொடியனுக்கு என்ன தெரியும்?" என்று முன்வரிசையிலிருக்கும் தாய்மார் மனத்துள் எண்ணுவது நியாயமே. ஆயினும், ஒரு குழந்தையோடு ஒரு வீடு இந்நாட்டின் வடகோடியிலிருந்து மலைநாட்டுக்குப் பெயர்ந்ததை நாம் கூடவிருந்து பார்த்தோம். அப்பொழுது நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு பிழை செய்தோம். அதனை மறையாது சொல்லுதலே இன்றைய பேச்சின் நோக்கம்.

மிஷன் பாடசாலையிற் படித்த எமக்குச் சிறுவயதிலேயே இரண்டு கதைகள் ஒருங்கே அறிமுகமாயின. வசுதேவர் பச்சிளங் கண்ணனைக் கூடையிற் சுமந்து யமுனையைக் கடந்த கதையை அன்னையார் வீட்டிற் சொன்னார். யோசேப்பும் மரியாளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்து நாட்டுக்குப் போன கதையைப் பாடசாலையிற் கேட்டோம். இரண்டிலும் கொடிய அரசன் ஒருவன். இரண்டிலும் இரவுப் பயணம். இரண்டிலும் ஒரு குழந்தை. சுமந்தவர் பட்ட அச்சத்தையும் துயரையும் நாம் எளிதில் உணர்கின்றோம். சுமக்கப்பட்ட குழந்தைக்கு அந்தப் பயணம் எப்படி இருந்தது என்று நாம் ஒருபோதும் கேட்டதில்லை. இன்று அந்தக் கேள்வியைக் கேட்போம்.

தீவகத்தார்க்குக் குடிபெயர்தல் புதிதன்று. எமது தீவுகளில் ஆறில்லை. மழையை நம்பிய பயிர். நன்னீர்க் கிணறும் அரிது. ஆதலின் புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு முதலிய ஊர்களின் ஆடவர் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்தனர். கடைகளிற் சிப்பந்திகளாயும் இருந்தனர். ஆனால் அக்காலத்திற் பெயர்ந்தவர் பெரும்பாலும் ஆடவரே. மனைவி மக்கள் ஊரிலிருந்தனர். தந்தையார் மாதந்தோறும் காசுக்கட்டளையாய் வந்தார். தைப்பொங்கலுக்கோ கோயிற்றிருவிழாவுக்கோ தாமே வந்தார். வந்தவரைக் கண்டு, "ஆரோ ஒரு மாமா வந்திருக்கிறார்" என்று தாயின் சேலைக்குப் பின்னே ஒளித்த குழந்தைகளைப் பற்றிப் பெரியோர் இன்றும் சிரித்துச் சொல்வர். அந்தச் சிரிப்பினுள் ஒரு வருத்தமும் உண்டு.

பின்னர்க் காலம் மாறிற்று. குடியேற்றத் திட்டங்கள் வந்தபோது தீவுகளிலிருந்தும் பல குடும்பங்கள் வன்னியிற் காணி பெற்றுப் பிள்ளைகுட்டிகளோடு பெயர்ந்தன. போர்க்காலத்தில், 1990, 1991ஆம் ஆண்டுகளில், தீவகத்து மக்கள் பெருந்தொகையாகக் குடாநாட்டுக்கு ஓடினர். போருக்குப் பின்னும் உத்தியோகத்துக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் குடும்பங்கள் பெயர்கின்றன. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் கடல் கடந்து போனவர்களை நீங்களும் அறிவீர்கள். ஒரு காலத்தில் தந்தை மாத்திரம் பெயர்ந்தார். இப்பொழுது தொட்டிலும் சேர்ந்து பெயர்கின்றது.

இனி எமது வீட்டுக் கதைக்கு வருவோம்.

எமது ஊர் நெடுந்தீவு. அக்கா ஊரிலே ஒரு முன்பள்ளியிற் படிப்பித்தார். அவருடைய மகள், எமது மருமகள், அப்பொழுது இரண்டு வயது தாண்டி மூன்று மாதம். காலையில் அக்கா புறப்பட்டதும் பிள்ளை எமது அன்னையாரின் இடுப்பிலே ஏறும். கோழிக்குத் தீன் போடுவதும், கல்வேலியோரம் ஆட்டைக் கட்டுவதும், மத்தியானம் ஏணையிற் படுப்பதும் எல்லாம் அம்மம்மாவோடுதான். அக்கா பெற்றார், அன்னையாரும் வளர்த்தார். குழந்தைக்குத் தாய்மார் இருவர் என்றே சொல்லவேண்டும்.

அத்தானுக்கு ஹற்றனிலே வேலை கிடைத்தது. 2018ஆம் ஆண்டு மார்கழி மாதத் தொடக்கத்திற் குடும்பம் பெயர்வதென முடிவாயிற்று. பாடசாலை விடுமுறையாதலால் உதவிக்கு நாமும் கூடப் போனோம். ஒரு கிழமையாக வீடு முழுவதும் மூட்டை கட்டும் வேலை. புட்டுக்குழல், இடியப்ப உரல், திருவலை, சுளகு, ஒடியல் மாப் பை, புழுக்கொடியல் என்று ஒவ்வொன்றாய் எழுதி இலக்கமிட்டோம். மொத்தம் நாற்பத்து மூன்று பொதிகள். கண்ணாடிச் சாமான்கள் உடையாதிருக்க அன்னையாரின் பழைய சேலைகளாற் சுற்றினோம். நாற்பத்து மூன்றையும் எண்ணிய நாம், பிள்ளை எதனை விட்டுப் போகிறதென எண்ணவில்லை. தான் கட்டிய பொதியிலிருந்து ஒரு சிரட்டையை அவள் மூன்று முறை வெளியே எடுத்தாள். மூன்று முறையும் நாமே அதட்டி உள்ளே வைத்தோம்.

புறப்படும் விடியற்காலை பெரியவர்கள் ஒரு யோசனை செய்தார்கள். அம்மம்மாவைக் கண்டால் பிள்ளை அழும். படகிலும் அழுதுகொண்டே வரும். ஆதலின் அவர் கண்ணிற்படாமல் நிற்கட்டும் என்பது அந்த யோசனை. நமது ஊர்களில் எல்லாரும் செய்வதுதானே! வேலைக்குப் போகும் தாய் பின்வாசலால் நழுவுகிறாள். வெளியூர் போகும் தந்தை பிள்ளை தூங்கும்போது புறப்படுகிறார். அன்னையாரும் சம்மதித்துக் குசினிக்குப் பின்புறம் போய் நின்றார். நித்திரைத் தூக்கத்திலிருந்த பிள்ளையை நாமே தோளிற் சுமந்து மாவிலித்துறைக்கு நடந்தோம்.

மாவிலித்துறையிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். அந்தக் கடலைக் கடக்கும் எம்மவர் எவரும் 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாளை மறவார். குமுதினிப் படகிற் சென்ற பயணிகள் அன்று நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். தாய்மாரும் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். அந்த நினைவு ஒவ்வொரு தாயின் கையையும் பிள்ளையைச் சுற்றிச் சற்று இறுக்கமாக வைக்கின்றது. அக்காவின் கையும் அப்படியே இருந்தது. வாடைக் காற்றிற் படகு ஆடியபோது பிள்ளை விழித்தாள். முதற்கேள்வி, "அம்மம்மா எங்க?"

"அம்மம்மா பின்னேரம் வருவா" என்றோம் நாம்.

அன்பர்களே, அந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழந்தையின் அழுகையை அடக்க ஒரு நொடியிற் சொன்ன பொய். அவ்வளவே. அது வேலை செய்தது, பிள்ளை அடங்கினாள்.

குறிகட்டுவானிலிருந்து பேருந்து, புங்குடுதீவு, வேலணை கடந்து, பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம், அங்கே யாழ்தேவி. 1956இல் ஓடத் தொடங்கி, 1990இல் போரினால் நின்று, 2014இல் மீண்டும் யாழ்ப்பாணம் வந்த வண்டி அது. ஆனையிறவில் உப்பளத்தையும் பறவைகளையும் காட்டினோம், கைகொட்டிச் சிரித்தாள். வவுனியா தாண்டியதும் திரும்பவும் அதே கேள்வி. திரும்பவும் அதே பொய். அன்றிரவு கொழும்பில் ஓர் உறவினர் வீடு. மறுநாட் காலை கோட்டைப் புகையிரத நிலையத்தில் மலைநாட்டு வண்டி. கடல் மட்டத்தையே கண்ட பிள்ளை நாலாயிரம் அடிக்கு மேலுள்ள ஊருக்கு வந்து சேர்ந்தாள். சாமான் லொறி ஒரு நாள் பிந்தியது. வெறுந்தரையிற் பாய் விரித்து எல்லோரும் ஒரே போர்வையிற் கிடந்தோம்.

அடுத்த நாளே வினை தொடங்கிற்று. பிள்ளை இரவில் உறங்கவில்லை. அக்கா கிணற்றடிக்கல்ல, அடுத்த அறைக்குப் போனாலும் சேலையைப் பிடித்துக்கொண்டு அலறினாள். சொல்லிச் சிறுநீர் கழிக்கப் பழகியிருந்தவள் அதனை மறந்தாள். குளிர் பிடிக்கவில்லை என்றார் ஒருவர். தண்ணீர் மாறியது என்றார் இன்னொருவர். கண்ணூறு என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டோம். வைத்தியரிடமும் காட்டினோம், உடம்பில் ஒரு குறையும் இல்லை என்றார்.

நாம் கண்டும் காணாதிருந்தது வேறொன்று. நாள்தோறும் பின்னேரம் நாலு மணியளவில் பிள்ளை தன் சிறு செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து வாசற்படியில் உட்காருவாள். விளையாட்டென்று நினைத்தோம். பொழுதுபட்டதும் எழுந்து உள்ளே வருவாள். அதன்பிறகுதான் அழுகை தொடங்கும். இப்படிப் பன்னிரண்டு நாட்கள்.

பக்கத்து வீட்டில் மலையகத்து மூதாட்டி ஒருவர் இருந்தார். தோட்டத்திற் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். எமது பிள்ளை, "கதை சொல்லுங்கோ" என்றால் அவருக்குச் சிரிப்பு. அவர், "பேசு கண்ணு" என்றால் பிள்ளைக்கு விழிப்பு. தமிழ் ஒன்றேயாயினும் பேச்சு வேறு. அவர்தாம் ஒரு பின்னேரம் படியில் அவளருகே அமர்ந்து, பின்னர் அக்காவைக் கேட்டார்:

"ஏம்மா, புள்ள யாரையோ எதிர்பாத்துக்கிட்டுல்ல குந்தியிருக்கு? யாரு வர்றதா சொன்னீங்க?"

அப்பொழுதுதான் எமக்கு உறைத்தது. "பின்னேரம் வருவா" என்றோமல்லவா! நாம் அந்த வார்த்தையைப் படகிலேயே மறந்தோம். பிள்ளை மறக்கவில்லை. நாள்தோறும் பின்னேரம் அதை நம்பிச் செருப்போடு காத்திருந்தாள். நாள்தோறும் பொழுதுபட ஏமாந்தாள்.

"சொல்லிட்டு வந்தீங்களா?" என்று மூதாட்டி மறுபடியும் கேட்டார். அக்காவால் விடை சொல்ல முடியவில்லை. குழந்தையைச் சுமந்து நெடுந்தூரம் பெயர்ந்த வரலாறு அந்த மூதாட்டியின் மரபுக்கு உரியதன்றோ? கோப்பித் தோட்டக் காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து வந்த அவருடைய முன்னோர் போன்ற பல்லாயிரவர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை நோக்கிக் கால்நடையாய் நடந்தனர். நோயினாலும் பசியினாலும் வழியில் மாண்டவர் பலர்.

அன்றிரவு அக்கா பிள்ளையை மடியில் இருத்தி உண்மையைச் சொன்னார்: "அம்மம்மா நெடுந்தீவில இருக்கிறா. இண்டைக்கு வரமாட்டா. உனக்குச் சொல்லாமல் கூட்டிக்கொண்டு வந்திட்டம். அது பிழை." இரண்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவும் விளங்குமா என்று நாம் ஐயுற்றோம். விளங்கியது. அதுவரை கேட்டிராத விதமாய் அழுதாள். அக்கா தடுக்கவில்லை, சேர்ந்து அழுதார். தொலைபேசியில் அன்னையாரின் முகத்தைக் காட்டினோம். பிள்ளை தொலைபேசிக்குப் பின்புறம் போய்த் தேடினாள். பின்பு மூதாட்டியே வந்து, கண்ணாடிச் சாமான் சுற்றிய பழைய சேலை ஒன்றை எடுத்து வளையிற் கட்டினார். அவர் அதைத் தூளி என்றார். நாம் ஏணை என்றோம். பிள்ளை ஏறிச் சேலையில் முகத்தைப் புதைத்து மணந்து பார்த்தாள். அன்றுதான் விடியும்வரை உறங்கினாள்.

மாதக் கடைசியில் அன்னையாரும் ஹற்றனுக்கு வந்தார். பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தோம். அவளோ முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு மணி நேரம் கதவருகே நின்றாள். அன்னையார் வற்புறுத்தவில்லை; நிலத்தில் இருந்து சிரட்டையில் மண் வைத்துப் புட்டு அவித்தார். மெல்ல மெல்லப் பிள்ளை வந்து மடியில் ஏறினாள்.

அன்றிரவு அன்னையார் எமக்கொரு செய்தி சொன்னார். 1990இற் போர் மீண்டும் மூண்டபின் எமது பெற்றோர் நெடுந்தீவை விட்டு யாழ்ப்பாண நகரத்தில் வந்து குடியிருந்தனர். அக்கா அங்கேதான் பிறந்தார். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் மழையிலே தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது அக்காவுக்கு வயது இரண்டு. நாவற்குழிப் பாலத்தில் நகர முடியாத நெரிசல். குடையில்லை, பாலில்லை, எங்கே போகிறோமென்று தெரியாது. "அண்டைக்கு இரவு முழுக்க இவளை இடுப்பில வைச்சுக்கொண்டு நிண்டனான். இவள் அழேல்லை. என்ர கழுத்தைப் பிடிச்சுக்கொண்டு மழையைப் பாத்துக்கொண்டிருந்தவள்" என்றார் அன்னையார். சற்றுப் பொறுத்து, "இந்தப் பிள்ளைக்கு நாங்கள் வண்டியில இடம் பிடிச்சம், சாப்பாடு கட்டினம். ஆனால் என்னைக் களவெடுத்துப்போட்டம்" என்றார். குசினிக்குப் பின்னால் ஒளித்து நின்றவர் தாமும் அன்று விடைபெறவில்லையே என்பது அவர் சொல்லாத செய்தி.

அன்னையார் சொன்னதையே அறிஞர்களும் கண்டிருக்கின்றனர் என்பதைப் பின்னர்ப் பல்கலைக்கழகத்திற் படித்தோம். 1939ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பிரித்தானிய நகரங்களிலிருந்து சில நாட்களுக்குள் ஏறத்தாழப் பதினைந்து இலட்சம் பேரை, பெரும்பாலும் பிள்ளைகளை, நாட்டுப்புறங்களுக்கு அனுப்பினர். போர்க்காலத்தில் இலண்டனிலே குழந்தை இல்லங்களை நடத்திய அன்னா பிராய்டும் டொறதி பேர்லிங்கமும் தாம் கண்டவற்றை 1943இல் நூலாக வெளியிட்டனர். தாயின் பக்கத்திலிருந்து குண்டோசை கேட்ட குழந்தை தேறிவிடுகின்றது. பத்திரமான இடத்திலிருந்தும் தன்னை வளர்த்தவரைத் திடீரெனப் பிரிந்த குழந்தையோ வாடுகின்றது என்பது அவர்கள் கண்டதன் சாரம். 1952இல் ஜேம்ஸ் றொபேட்சன், வைத்தியசாலையில் தாயைப் பிரிந்து எட்டு நாட் கிடந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படம் பிடித்துக் காட்டினார். அழாதிருக்கும் குழந்தை ஆறிவிட்டது என்று எண்ணியிருந்த வைத்தியர்களை அந்தப் படம் கலங்கச் செய்தது. பிரித்தானிய வைத்தியசாலைகளிற் பெற்றோர் பிள்ளையைத் தாராளமாய்ப் பார்க்க இடமளிக்க வேண்டுமென 1959இல் அரசாங்க அறிக்கையொன்று விதந்துரைத்தது. குழந்தைக்கு ஊர் என்பது வளர்ப்பவரின் மடி என்பதை உலகம் இப்படித்தான் மெல்லக் கற்றது.

தை மாதம் பிறந்து பாடசாலை தொடங்க இருந்தது. அன்னையாரும் நாமும் ஊர் திரும்பவேண்டும். "பிள்ளை தூங்கும்போது புறப்படுங்கோ" என்று அத்தான் சொல்ல வாயெடுத்துத் தாமே நிறுத்திக்கொண்டார். முதல் நாளே பிள்ளைக்குச் சொன்னோம். காலையில் அவளையும் ஹற்றன் புகையிரத நிலையத்துக்குக் கூட்டிச் சென்றோம். அன்னையார் குனிந்து, "அம்மம்மா போட்டு வாறன். இண்டைக்கு வரமாட்டன், பிறகொரு நாள் வருவன்" என்றார். பிள்ளை கதறினாள். வண்டி வளைவிலே மறையுமட்டும் அந்தக் குரல் எமக்குக் கேட்டது. அன்னையார் கொழும்புவரை ஒரு வார்த்தை பேசவில்லை. நாம் செய்தது சரிதானா என்று எமக்கும் நடுக்கமாகவே இருந்தது.

இரவு அக்கா தொலைபேசியிற் சொன்னார்: பிள்ளை மத்தியானம் வரை அழுதாள்; பின்பு சோறு தின்றாள்; ஏணையில் உறங்கினாள். பின்னேரம் நாலு மணிக்கு அக்கா வாசற்படியைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். செருப்புகள் மூலையிற் கிடந்தன. பிள்ளை அவற்றைத் தொடவில்லை.

அன்பர்களே, தமிழர் "போகிறேன்" என்று சொல்லாத மரபினர். சுடுகாட்டு வீட்டிலன்றி எங்கும் "போய் வருகிறேன்" என்றே சொல்வோம். அயலவர்க்குச் சொல்கிறோம், கடைக்காரர்க்குச் சொல்கிறோம். வீட்டிலே எம்மை முற்றாக நம்பியிருக்கும் அந்தச் சிறு உயிருக்கு மாத்திரம் சொல்லாமல் நழுவுகிறோம். அழுகையைத் தவிர்க்கிறோம் என்கிறோம். உண்மையில் நாம் தவிர்ப்பது அந்த அழுகையைப் பார்க்கவேண்டிய எமது கடமையையே. ஒளித்துப் போனவர் எப்பொழுதும் மறையலாம் என்று குழந்தை கற்றுக்கொள்கின்றது. சொல்லிப் போனவர் திரும்பி வருவார் என்றும் அதுவே கற்றுக்கொள்கின்றது.

ஆதலின், வீடு பெயரும்போது குழந்தைக்கும் அதன் அளவான சொல்லில் உண்மையைச் சொல்லுங்கள். கிணறு, ஆடு, அம்மம்மா எல்லாவற்றுக்கும் கையசைக்க விடுங்கள். அது எடுத்த சிரட்டையை அதன் கையிலேயே கொடுத்துவிடுங்கள். நாற்பத்து நாலாவது பொதி அது. படுக்கைத் துணியையும் ஏணைச் சேலையையும் கடைசியாய்க் கட்டி முதலாவதாய் அவிழுங்கள். புது ஊரிலும் உண்ணும் நேரமும் உறங்கும் நேரமும் பழைய நேரமாய் இருக்கட்டும். இவற்றுக்கு ஒரு சதமும் செலவில்லை.

வாலிபர்களே, உங்களுக்கும் ஒரு சொல். குறிகட்டுவானிலும் மாவிலித்துறையிலும் பிள்ளையோடும் பொதியோடும் தடுமாறும் தாயைக் கண்டால், பொதியை வாங்குங்கள். பிள்ளையைத் தாயின் கையிலிருந்து பறிக்காதீர்கள். எம்மிற் பலர் நாளை வேலைக்காகப் பெயரப் போகிறவர்கள், தந்தையராகப் போகிறவர்கள். அன்று இந்தப் பேச்சை நினைத்துக்கொள்ளுங்கள்.

எமது மருமகள் இன்று பாடசாலை மாணவி. வீட்டிலே "கதைக்கிறன்" என்பாள். வகுப்பிலே "பேசுறேன்" என்பாள். படகும் வாசற்படியும் செருப்பும் அவளுக்கு ஞாபகமில்லை. ஆனால் தெருமுனைக் கடைக்குப் போவதானாலும் வீட்டிலுள்ள ஒவ்வொருவரிடமும் தனித்தனியே வந்து, "போட்டு வாறன்" என்று சொல்லாமல் அவள் படியிறங்குவதில்லை. நேரமாகிறதென்று அக்கா சிலவேளை கடிந்துகொள்வார். ஆனாலும் நின்று விடைகொடுப்பார்.

இவ்வளவு நேரம் பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோரிடமும் நாமும் அவ்வண்ணமே சொல்லி அமர்கின்றோம். போய் வருகின்றோம். வணக்கம்.